மிச்ச வயர்

கௌசிகாவின் மகள் கீர்த்தனியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதோடு போன கிழமைக் கதை நின்றிருந்தது. சொல்லும்போதே நேர்ஸ் ஒரு நிபந்தனையும் வைத்தாள். பிள்ளையின் கட்டிலோடு சேர்ந்தாற்போல் ஒட்சிசன் மெசினுக்கென்று தனியாக ஒரு பிளக் இருக்க வேண்டும். வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்சன் வயர் இழுக்கக் கூடாது. தூசி, புகை, குசினிச் சூடு எதுவும் கிட்ட வரக் கூடாது.

லிங்கநகர் வீட்டில் அதற்குத் தோதான அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துறைமுகக் காற்று வரும் பக்கமாக ஜன்னல் வைத்த பின்னறை.

அவள் தம்பி யதுசன் எரிந்த அறை.

காஸ் கிடைக்காமல் சனம் வெறும் சிலிண்டரோடு ரோட்டில் காத்துக் கிடந்த வருசம் அது நடந்தது. அன்றைக்குப் பூட்டின கதவு. இன்றைக்கு விடிய, கௌசிகாதான் அதைத் தன் கையால் திறந்தாள். பூட்டு துருப்பிடித்துப்போய்த் திறப்புக்கு மசியவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, கல்லால் தட்டி, கடைசியில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

உள்ளே புகை மணம் இன்னும் போகவில்லை. ஒரு பக்கச் சுவர் கறுத்துக் கிடந்தது. மற்றச் சுவரில், கதவோரமாக, சோக்கினால் கிறுக்கிய மீன் ஒன்று. அது யதுசன் கீறினது. நாலு வயதுப் பிள்ளை கீறின மீன், அதற்குக் கால்கூட இருந்தது.

அவள் அழவில்லை. அழுது முடிந்துபோன வீடு அது. தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

புருசன் வினோதன் வீட்டில் இல்லை. துறைமுகத்தில் கப்பல் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. முதல் நாளிரவுக் கப்பலை முடித்துவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். கதவு திறக்கிற நேரத்தில் வீட்டில் நிற்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு என்று கௌசிகாவுக்குத் தெரியும்.

வீட்டிலிருந்த இன்னொரு ஆள் குணேஸ்வரி. வினோதனின் அக்கா. சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வரும் வழியில் புருசனைப் பறிகொடுத்து, அப்போது பொடியனாக இருந்த தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். அவள் அறை வாசலுக்கே வரவில்லை. கட்டில் விரிப்புகளை அள்ளிக்கொண்டு விடியவே கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

வயரிங் செய்ய அர்ஷாக் நானா வந்தபோது கச்சான் காற்று கிளம்பிவிட்டது. மோட்டார் சைக்கிளில் வெள்ளைப் பைப்புகளை நீட்டுக்குக் கட்டிக்கொண்டு கிண்ணியாவிலிருந்து வந்திருந்தார்.

"கிண்ணியாப் பாலத்தில காத்து என்னைத் தூக்கிக் கடல்ல போடப் பாத்திச்சி தங்கச்சி. பைப்பைத்தான் கேட்டிச்சி, நான் குடுக்கல்ல."

"தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொடங்குங்கோ நானா."

"முதல்ல அறையைப் பாப்பம்."

கிணற்றடிச் சுவரில் தொங்கின தண்ணீர்க் குழாய் அவர் கண்ணில் பட்டது. எட்டுப் போலச் சுற்றி, இடுப்பில் மூன்று சுற்று இறுக்கி, வாலை உள்ளுக்குச் செருகின சுற்று. கொஞ்சம்கூடத் தொங்கல் இல்லை.

"இது யாரு கட்டினது? கப்பல்காரன் கட்டு மாதிரிக் கெடக்கு."

"அவர்தான். மிச்சமா ஒண்டும் தொங்கக் கூடாது அவருக்கு. உடுப்புக் காயப்போடுற கயிறுகூட அப்பிடித்தான்."

"நல்ல கைதான்" என்று சொல்லிவிட்டு அர்ஷாக் உள்ளே போனார்.

அறைக்குள் வந்ததும் அவர் பகிடி நின்றது. கறுத்த சுவரைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்த வீட்டுக் கதை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ஒன்றும் கேட்காமல் அளவு நாடாவை இழுத்தார்.

"கட்டில் எங்க வரும்?"

"இந்தச் சுவரோட. அந்தக் கறுத்த சுவரோட வேண்டாம்."

"சரி. அப்ப பிளக் இஞ்ச. கட்டிலுக்கு மேல, புள்ளைட கை தற்செயலாப் படாத உசரத்தில. கீழ வச்சா தண்ணி ஊத்துப்படும், பொம்மைக் கால் செருகுப்படும். மெயின் போட்டிலயிருந்து இதுக்குத் தனி வயர், தனி பிரேக்கர். வேற ஒண்டும் இதுல கொழுவக் கூடாது. ஃபேனும் வேணாம், போன் சார்ஜரும் வேணாம்."

"ஓம்."

"வயர் நேரா ஏறும், மேல போகும், நேரா இறங்கும். குறுக்கால வராது. ஏன் சொல்லுங்க?"

"தெரியேல்ல நானா."

"நாளைக்கு நீங்க சாமிப் படம் கொழுவ வருவீங்க. ஆணி அடிப்பீங்க. பிளக்குக்கு நேரா மேலதான் வயர் இருக்கும் எண்டு தெரிஞ்சா அந்த இடத்தை விட்டிட்டு அடிக்கலாம். எங்கட சனத்துக்கு வெறுஞ் சுவரைக் கண்டா ஆணி அடிக்காம நித்திரை வராதே. என்ட வீட்டில கலண்டர் மட்டும் மூணு தொங்குது."

கௌசிகாவுக்கு உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. கன நாளைக்குப் பிறகு அந்த அறைக்குள் ஒரு மனுசன் சாதாரணமாகக் கதைக்கிறான் என்பதே அவளுக்கு ஆறுதலாயிருந்தது.

அர்ஷாக் ஏணியைச் சாத்தி ஏறினார். சுவரின் தலைக்கும் கூரைச் சீற்றுக்கும் இடையில் பைப் போகிற வழியைக் கையால் துழாவிப் பார்த்தார். ஒட்டடை கொட்டியது. பிறகு கை நின்றது.

"தங்கச்சி, இஞ்ச என்னவோ செருகிக் கெடக்கு. நேர்த்திச் சாமான் ஏதுமா? தொடலாமா?"

"அங்க ஒண்டும் வைக்கேல்லையே. எடுங்கோ."

கோதுமை மாச் சாக்குத் துணியில் சுற்றின பொட்டலம் ஒன்றை அவர் இறக்கிக் கொடுத்தார். சின்னதுதான், ஆனால் கனமாக இருந்தது. கௌசிகா தரையில் வைத்து அவிழ்த்தாள்.

கரிக்கட்டை மாதிரி ஒன்று. உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, இறுகிப்போன கறுப்புக் கட்டி. அங்கங்கே செம்புக் கம்பி பல்லுத் தெரிகிற மாதிரி வெளியே தெரிந்தது.

அர்ஷாக் ஏணியிலிருந்து இறங்கி, குந்தியிருந்து, அதைத் திருப்பிப் பார்த்தார்.

"வயர். எக்ஸ்டென்சன் வயர்தான். சுத்திக் கட்டி வச்சது." விரலால் தொட்டார். "பாத்தீங்களா, வெளியிலயிருந்து நெருப்புப் புடிச்சிருந்தா வெளிச் சுத்துத்தான் கூடப் போயிருக்கும். இதுல உள்ளுக்குத்தான் ஒரேயடியா உருகிக் கெடக்கு. இது உள்ளுக்க இருந்து சுட்டுப் புடிச்சது."

கௌசிகா செம்புக் கம்பி ஒன்றை விரலால் தடவினாள்.

"இதுல என்ன கொழுவி இருந்தீங்க?"

"கறண்ட் அடுப்பு." அவள் குரல் அவளுக்கே எட்டத்தில் கேட்டது. "காஸ் இல்லாத நேரம். குசினிப் பிளக் பழுது. அதால ஹோலிலயிருந்து இந்த அறைக்குள்ளால வயர் போட்டது. நீளம் கூடிப்போச்சு. மிச்சத்தைச் சுத்தி..."

"எங்க வச்சீங்க?"

"பிள்ளையளின்ர கட்டிலுக்குப் பின்னால."

அர்ஷாக் கட்டியைத் துணியில் வைத்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"விரிச்சு விட்டா ஒண்டும் செய்யாது. சுத்திக் கட்டினா சூடு போக வழியில்ல. அடுப்பு மாதிரிப் பெரிய சாமான் இழுக்கக்குள்ள, கட்டு உள்ளுக்கே வேகும். பக்கத்தில மெத்தை இருந்தா..." எழும்பினார். "நான் வெளியில மெயின் போட்டைப் பாக்கிறன் தங்கச்சி."

அறைக்குள் அவளும் அந்தக் கட்டியும் மட்டும்.

அன்றைக்குப் பின்னேரம் என்ன நடந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். கறண்ட் கட். பிள்ளைகளை நுளம்பு தின்றது. கட்டிலடியில் நுளம்புத்திரி கொளுத்தி வைத்தாள். இரண்டு பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள். கறண்ட் வந்ததும், போக முதல் சமைத்துவிட வேண்டும் என்று ஓடிப்போய் அடுப்பில் கடலையை அவிய வைத்தாள். கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போனாள். திரும்பிப் பார்க்கும்போது ஜன்னலால் புகை.

கீர்த்தனியை இழுத்தெடுத்தார்கள். அவளுடைய நெஞ்சுக்குள் போன புகை இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. யதுசன் சுவர்ப்பக்கமாகப் படுத்திருந்தவன்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் கௌசிகாவே சொன்னாள், "என்ர திரிதான்" என்று. அதற்குப் பிறகு அந்த ஊரில் அவள் திரி வைத்தவள். கோயிலில் கற்பூரம் கொளுத்தக்கூட அவள் கை நீளாது. கையில் நுளம்பு வந்து குந்தினால் அடிப்பதில்லை. குடித்துவிட்டுப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

வினோதன் ஒரு நாளும் அவளைக் குற்றம் சொன்னதில்லை. ஒரேயொரு தரம், யதுசனின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கு, "விடும் கௌசி. நீர் வேணுமெண்டு செய்யேல்லத்தானே" என்றான். அன்றிலிருந்து ஹோலில்தான் படுக்கிறான். அவன் மன்னித்த அந்த ஒரு சொல்லைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

கட்டியை மறுபடி திருப்பினாள். உருகினாலும் உருவம் மாறவில்லை. எட்டு. இடுப்பில் மூன்று சுற்று. உள்ளுக்குச் செருகின வால்.

சாமான் சுமக்கிறவர்களுக்குத் தெரியும், பாரம் இறங்கின உடனே முதுகு நிமிராது. ஒரு நொடி இன்னும் கூனியே நிற்கும். அப்படித்தான் நின்றாள் அவள். பிறகு, என்ர திரி இல்லை, என்ர கை இல்லை என்று உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. நிமிர்ந்த அடுத்த நொடியே மற்றது விளங்கியது. இந்த மூட்டையை அவள் இறக்கி வைக்கிற இடம் வினோதனின் முதுகு.

பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

குணேஸ்வரி தலையணை உறை அலசிக்கொண்டிருந்தாள். கௌசிகா பொட்டலத்தை உடுப்புத் தோய்க்கிற கல்லில் வைத்தாள்.

"மச்சாள்."

குணேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். மாச் சாக்குத் துணியைக் கண்டதும் அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. இது என்ன என்று அவள் கேட்கவில்லை.

"எங்க கிடந்தது?"

"நீங்கள் வச்ச இடத்திலதான்."

காற்றில் கொடியில் கிடந்த விரிப்பு படபடவென்று அடித்தது.

"பொலிஸ் வருகுது எண்டு சனம் சொல்லிச்சு" என்றாள் குணேஸ்வரி. "நீங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில. நான்தான் அள்ளிக் கொட்டிக்கொண்டு நிண்டனான். கட்டிலுக்குப் பின்னால இது. கையில கிடைச்ச மாச் சாக்கில சுத்தினனான். கதிரையில ஏறி மேல செருகினனான். பிறகு எடுத்துக் கடலில போடுவம் எண்டிருந்தன். நீ கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகிக்கொண்டு திரிஞ்சாய்."

"அப்ப உங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

"இதாலதான் வந்தது எண்டு சத்தியமாத் தெரியாது, கௌசி. ஆனா அவன்ர கட்டைக் கண்டதும் ஒளிச்சு வைக்கத்தான் தோணிச்சு."

"சனம் என்ர திரி எண்டு சொல்லேக்க?"

"நான் சொல்லேல்ல. செத்தவீட்டில அந்த முன்வீட்டுக்காரிதான் முதல் சொன்னவள்."

"நீங்கள் தலையை ஆட்டினீங்கள். நான் பாத்தனான்."

குணேஸ்வரி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"ஓம். ஆட்டினனான்."

"ஏன் மச்சாள்?"

"அவன் தாங்கமாட்டான். அவன்ர வேலை எங்க? கப்பல் தட்டில. ஒரு அடி பின்னுக்கு வச்சாக் கடல். வைப்பான். நான் வளத்தவள், எனக்குத் தெரியும்." அவள் குரல் கெஞ்சுகிற மாதிரி வந்தது. "ஆம்பிளை இல்லாத வீடு என்னண்டு இருக்கும் எண்டு எனக்குத்தான் தெரியும். நீ தாங்குவாய் எண்டு நினைச்சன்."

"தாங்கினதை எதில கண்டனீங்கள்?"

குணேஸ்வரி அலசிக்கொண்டிருந்த உறையை மறுபடி எடுத்துப் பிழிந்தாள்.

"சமைச்சன், தோய்ச்சன், ஆஸ்பத்திரிக்கு நடந்தன். அதைப் பாத்திட்டோ தாங்கிறாள் எண்டு நினைச்சியள்? பிள்ளையைத் திண்டவள் எண்டு எனக்கு நானே சொல்லாத நாளில்லை."

"சொல்லிப்போடாதை அவனுக்கு. உன்ர காலைப் பிடிக்கிறன்."

உண்மையாகவே குனிந்தாள். தன்னைவிட மூத்தவள் காலில் விழுவதைப் பார்க்க ஏலாமல் கௌசிகா பின்வாங்கினாள். பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், பாவிக்காமல் கிடந்த கறண்ட் அடுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அர்ஷாக் தொழுகைக்குப் போய்விட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். சுவரில் பைப் நேராக ஏறியது. மேலே திரும்பியது. நேராக இறங்கியது. கிளிப் ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில். துளையிட்ட தூசியை அவரே ஈரத் துணியால் துடைத்தார், பிள்ளைக்கு ஆகாது என்று. கௌசிகா பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"நானா, மெசினை பிளக்குக்கு நேரே கீழ வச்சா, மிச்ச வயர் இராதுதானே?"

"மெசின்ட வயர் எவ்வளவு நீளம்?"

"ஆஸ்பத்திரியில கட்டிலோட ஒட்டித்தான் நிண்டது. நீளமாத் தெரியேல்ல. பிளக்கை இன்னும் கொஞ்சம் இறக்கி, இந்த மூலைக்கே கொண்டுவாங்கோ. மிச்சம் எண்டு ஒரு சாண் வயரும் இருக்கக் கூடாது."

அர்ஷாக் அவளைப் பார்த்தார். அவர் கண் ஜன்னலால் கிணற்றடிப் பக்கம் போய், அந்தக் குழாயில் ஒரு கணம் நின்று, திரும்பியது. எல்லாம் விளங்கின பார்வை அது.

"செஞ்சி தாறன். ஆனா மிச்சம் வந்தா வெட்ட ஏலாது. ஆஸ்பத்திரிச் சாமான், அச்சில வார்த்த பிளக். கை வச்சா திருப்பி எடுக்க மாட்டாங்க. மிச்சம் வந்தா தளர விட்டு, சுவரோரமா, யாரும் காலால இடறாத மாதிரி வளைச்சுப் போட்டாச் சரி. கட்டத்தான் கூடாது. வீட்டில எல்லாருக்கும் சொல்லி வைங்க."

"சொல்லுறன்."

"நான் சொல்லட்டா?"

"வேண்டாம் நானா."

அவர் மெயின் போட்டில் ட்ரிப் சுவிட்சை அமத்திப் பார்த்தார். டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டார். மறுபடி அமத்தினார். மறுபடி விழுந்தது. "இது நல்லா வேலை செய்யிது" என்றார். "ஆனா இது கையில அடிக்கிற கறண்டைத்தான் புடிக்கும். சூட்டை இதுக்குத் தெரியாது." ஹோல் பக்கத்துப் பைப்புக்கு மூடி போதவில்லை, நாளைக்குக் கொண்டுவந்து போடுவதாகச் சொன்னார். ஏணியை விட்டுவிட்டுப் போனார்.

வினோதன் ஓட்டோவில் பிள்ளையோடு வந்திறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கீர்த்தனி மெலிந்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தாள். பேசினால் இடையில் மூச்செடுக்க நிற்க வேண்டும். அதற்காக அவள் பேசாமல் இருப்பதில்லை.

"அம்மா, அது என்ன... சுவரில வெள்ளைப் பைப்?"

"பல்லிக்கு ரோட்டுப் போட்டிருக்கு."

"பொய். கறண்டுக்கு." படுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். சோக் மீனைக் கண்டாள். "தம்பீன்ர மீன்... அழிக்கேல்லையா?"

"இல்லை. அது இருக்கட்டும்."

வினோதன் மெசினைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றான். கப்பல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பலகையில் நடக்கிற ஆள், அந்த வாசற்படியைத் தாண்டத் தாமதித்தான். கறுத்த சுவரைப் பார்க்காமல் உள்ளே வந்தான். மெசினைக் கௌசிகா காட்டின மூலையில் வைத்தான். பிளக்கைச் செருகினான்.

வயர் முழுதாகக் கீழே விழுந்து, தரையில் சுருள் சுருளாகப் பரவியது.

ஆஸ்பத்திரியில் அது நீளமாகத் தெரியவில்லைத்தான். அங்கே பாதி வயர் மெசினுக்குப் பின்னால் சுருண்டு கிடந்திருக்கிறது. அதை அவள் காணவில்லை.

"இதென்ன, குடல் மாதிரிக் கிடக்குது" என்றான் வினோதன். குந்தியிருந்து கை போட்டான். முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையில் வயர் ஓடியது. ஒரு வளையம், மற்ற வளையம். எட்டு. அவன் கண் பிள்ளையில் இருந்தது. கைக்குக் கண் தேவையில்லை.

கௌசிகா அவன் கையையே பார்த்தாள். சொன்னால் இவன். சொல்லாவிட்டால் பிள்ளை. நாளைக்கு நானே ஆருக்கும் தெரியாமல் அவிழ்த்துவிடலாம் என்று ஒரு மனம் சொல்லியது. நாளைக்கு அவிழ்த்தால் நாளையின்றைக்கு அவன் மறுபடி கட்டுவான் என்று மற்ற மனம் சொல்லியது.

"தம்பி, அதைக் கட்டாதை!"

வாசலில் குணேஸ்வரி. கையில் காய்ந்த விரிப்பு. பகல் முழுக்க அந்தப் படிக்கு வராதவள், இப்போது ஒரு கால் உள்ளே வைத்திருந்தாள்.

வினோதன் நிமிர்ந்தான். "ஏன் அக்கா?"

குணேஸ்வரி விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வயரிங் நானா சொன்னவர்" என்றாள் கௌசிகா. "சுத்திக் கட்டினா சூடாகுமாம். சும்மா தளர விடட்டாம்."

"வயர் சூடாகுமோ? நல்ல கதை" என்று சிரித்தான். மூன்றாவது சுற்றை இடுப்பில் இறுக்கினான். "நான் எத்தினை வயர் கட்டியிருப்பன்."

ஆரும் சிரிக்கவில்லை.

அவன் கை மெதுவானது.

"எவ்வளவு சூடாகுமாம்?"

"இந்த மெசினுக்குக் கொஞ்சம்தானாம்."

"பெரிய சாமானுக்கு?"

கௌசிகா பிள்ளையின் தலையணையைச் சரிசெய்தாள்.

"கறண்ட் அடுப்பு மாதிரி... ஒண்டுக்கு?"

துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று நீட்டாக ஊதியது. கட்டிலில் கிடந்த பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்பா, போடுங்கோவன்... மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு."

வினோதன் பிளக்கைப் பார்த்தான். சுவிட்சுக்குக் கை போகவில்லை. கையில் இருந்த எட்டை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு அவிழ்க்கத் தொடங்கினான். இடுப்புச் சுற்று மூன்றையும் கழற்றி, வளையம் வளையமாக விரித்து, சுவரோரமாகத் தளர்த்திப் போட்டான். ஒரு வளையம் இன்னொன்றின் மேல் ஏறிக் கிடந்தது. அதையும் விலக்கி வைத்தான்.

கௌசிகா போய் சுவிட்சைப் போட்டாள். மெசின் உறுமி எழுந்து, சீராக மூச்சு விடத் தொடங்கியது. பிள்ளையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து நாடாவைச் சரிசெய்தாள். கீர்த்தனி கண்ணை மூடினாள்.

வினோதன் கறுத்த சுவர்ப்பக்கம் திரும்பினான். இவ்வளவு நாளும் பார்க்காத சுவரை இப்போது பார்த்தான். முந்திக் கட்டில் கிடந்த இடத்துக்குப் பின்னால், நிலத்தோடு, மற்ற இடத்தைவிடக் கூடக் கறுத்திருந்த இடத்தை.

"அக்கா."

"என்ன தம்பி?"

"அண்டைக்கு இந்த அறையை அள்ளிக் கூட்டினது நீங்கள்தானே?"

"ஓம்."

"அந்த வயர் எங்க?"

"எந்த வயர்? எல்லாம் எரிஞ்சு..." என்றாள் குணேஸ்வரி. ஆனால் கண் அவள் சொல்லுக் கேட்கவில்லை. அது தானாக மேலே, சுவரின் தலைக்கும் சீற்றுக்கும் இடைப்பட்ட இடத்துக்குப் போய்விட்டு வந்தது.

வினோதன் அந்தக் கண் போன வழியைப் பார்த்தான். அங்கே புது வெள்ளைப் பைப் மட்டும்தான் தெரிந்தது.

அவன் அர்ஷாக் விட்டுப்போன ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, சத்தம் வராமல், பிள்ளை நித்திரை குழம்பாமல், சுவரில் சாத்தினான். முதற்படியில் கால் வைத்தான். குணேஸ்வரி அவன் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்தாள். அவன் கையைத் தட்டிவிட்டு இரண்டாவது படிக்கு ஏறினான்.

மேலே போனால் ஒன்றும் இராது. துழாவுவான். கிடைக்காது. இறங்கி வருவான். தூசிக் கையைத் துடைத்துவிட்டு, இல்லைத்தானே என்று தன்னைத்தானே ஆற்றிக்கொள்வான். கௌசிகா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திரி அவளோடேயே இருந்துவிடும்.

சுவரோரமாக விரிந்து கிடந்த வயரைப் பார்த்தாள். அவன் அவ்வளவு கவனமாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல் விரித்த வளையங்களை.

"இறங்குங்கோ" என்றாள். "அங்க இல்லை. என்னட்டைக் கிடக்குது."